43 கிலோவிலும் 79 கிலோவிலும்

என் உடம்பைப் பற்றி உறவினர்கள் கருத்துச் சொல்லத் தொடங்கியபோது நான் ஒல்லியாக இருந்தேன். 155 சென்டிமீட்டர் உயரம், 43 கிலோ எடை. பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், தட்டில் வைத்த கேசரியைத் தின்று முடித்துவிட்டு, “பிள்ளைக்கு உடம்புல ஒண்ணுமே இல்லையே, நாளைக்கு ஒரு பிள்ளையப் பெத்து வளக்கத் தெம்பு வேண்டாமா?” என்று என் அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு, நாற்பதை நெருங்கும் வயதில், என் எடை 79 கிலோ ஆனது. அதே கூடத்தில் உட்கார்ந்து என் பெரியம்மை, “ஏளா, என்ன இப்படி ஊதிப்போயிட்ட? கொஞ்சம் வாயைக் கட்டப்படாதா?” என்று கேட்டார். இந்த இரண்டு எடைகளுக்கும் நடுவில் எல்லோருக்கும் பிடித்த ஓர் எடையை நான் என்றைக்கோ கடந்துதான் வந்திருக்க வேண்டும். கடந்த அன்று யாரும் என்னிடம் அதைச் சொல்லவில்லை.

எடை கூடினால் பெண்ணுக்குத் தன்மதிப்பு குறையும், எடையைக் குறைத்தால் அது தானாகத் திரும்பிவரும் என்று பொதுவாகச் சொல்லப்படுவதை இரண்டு பக்கத்திலும் இருந்து பார்த்த நான் நம்புவதில்லை. 43 கிலோவில் குச்சிக் கையை மறைக்க முழங்கை வரை ரவிக்கை தைத்துப் போட்டேன். 79 கிலோவில் பருத்த கையை மறைக்கவும் அதையேதான் செய்தேன். உடம்பு என்பது பிறர் பார்த்து மதிப்பெண் போடுவதற்காக இருப்பது என்ற எண்ணம் ஒரு பெண்ணுக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் அவளுடைய தன்மதிப்பு எடையோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. இந்தப் பிணைப்பைத் தளர்த்த எனக்கு உதவியவற்றை, பாளையங்கோட்டையில் கணக்கு ஆசிரியையாக இருக்கும் ஒருத்தியின் அனுபவம் என்ற அளவில் எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை.

முன்பு ரயில் நிலையங்களில் வண்ண விளக்குகள் சுழலும் எடை இயந்திரம் ஒன்று நிற்கும். நாணயத்தைப் போட்டால் சிறிய அட்டை ஒன்று விழும். அதில் எடையோடு சேர்த்து நம் குணத்தையோ வருங்காலத்தையோ பற்றிய ஒரு வாசகமும் அச்சாகியிருக்கும். சிறுமியாக இருந்தபோது திருநெல்வேலி சந்திப்பில் அப்பாவிடம் காசு வாங்கி ஏறி நின்றால், எடையை ஏறிட்டும் பார்க்காமல் வாசகத்தைத்தான் படிப்பேன். பெரியவர்களான பிறகு நாம் எடையைக் கொண்டே குணத்தைப் படிக்கப் பழகிவிடுகிறோம். பருமனாக இருந்தால் அவள் சோம்பேறி, வாயைக் கட்டத் தெரியாதவள்; ஒல்லியாக இருந்தால் சீக்காளி, இல்லாவிட்டால் புகுந்த வீட்டில் நிம்மதி இல்லாதவள். 79 கிலோவில் இருந்தபோது நான் விடியுமுன் எழுந்து இரண்டு வேளைச் சமையலை முடித்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் பள்ளிக்குப் போய், மாலை வரை நின்றபடியே பாடம் நடத்தினேன். அந்த என்னைச் சோம்பேறி என்று நினைத்தவர்களின் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது.

எண்களோடு பிழைப்பு நடத்துகிறவள் என்பதால், பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறை குறியீட்டு எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இந்தக் கணக்கை 1830களில் வகுத்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெட்லே. அவர் மருத்துவர் அல்லர். வானியலும் புள்ளியியலும் கற்றவர். ஒரு மக்கள்தொகையில் ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்று கண்டறிவதே அவருடைய நோக்கமாக இருந்தது. 1972இல் ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க உடலியலாளரும் அவருடைய குழுவினரும் இந்த எண்ணுக்கு இன்றைய பெயரைச் சூட்டியபோதும், அவர்கள் ஆராய்ந்தது ஆண்களின் உடல்களையே. சராசரி என்பது கூட்டத்தைப் பற்றிச் சொல்லுமே தவிர, அதில் நிற்கும் ஒருத்தியைப் பற்றிச் சொல்லாது என்று ஆண்டுதோறும் வகுப்பில் நானே சொல்லிக்கொடுக்கிறேன்.

இதனால் அந்த எண்ணைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று சொல்ல வரவில்லை. இந்தியர்களுக்கு ஒப்பீட்டளவில் குறைந்த எடையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை நோய் வருகிறது என்பதால், இங்கே 23ஐத் தொட்டாலே அதிக எடை என்றும் 25ஐத் தொட்டால் உடல் பருமன் என்றும் மருத்துவர்கள் கொள்கிறார்கள். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது என்கிறார்கள். என் எண் 33ஐ நெருங்கியிருந்தது. அது உடல்நலத்துக்கான எச்சரிக்கை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஒழுக்கத்துக்குப் போட்ட மதிப்பெண் அல்ல என்பதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். அதற்கு முந்தைய ஆய்வில் இது 30.9 விழுக்காடு. இடைப்பட்ட சில ஆண்டுகளில் பத்தில் ஒரு பெண் புதிதாகச் சோம்பேறி ஆகிவிட்டாள் என்று யாரும் சொல்ல முடியாது. தட்டில் இருப்பதும், வேலை செய்யும் விதமும், தூங்கும் நேரமும், நடந்து போன தூரங்களும் எல்லோருக்கும் சேர்ந்தே மாறியிருக்கின்றன.

தன்மதிப்புக் குறைவு என்றால் அழுதுகொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பது என்று நினைத்துவிடக் கூடாது. அது மிகச் சாதாரணமான வேலைகளுக்குள் புகுந்துகொள்ளும். கரும்பலகையின் உச்சியில் எழுதக் கையைத் தூக்கினால் ரவிக்கைக்கும் கொசுவத்துக்கும் இடையே உள்ள சதை பிள்ளைகளின் கண்ணில் படுமே என்று, பலகையின் நடுப்பகுதியில் மட்டும் பொடி எழுத்தில் எழுதிவந்தேன். முந்தானையை எந்த இடத்தில் குத்தினால் வயிறு மறையும் என்பது வகுப்பு முழுவதும் மனத்தின் ஓரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். தேற்றத்தை நிறுவும்போது ஒரு படி விட்டுப்போனதை எழுந்து சொன்ன மாணவிக்கு, டீச்சரின் கவனம் எங்கே போயிருந்தது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இதற்கு ஒரு சோதனைச் சான்றே இருக்கிறது. பார்பரா ஃபிரெட்ரிக்சன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவ மாணவியர் சிலர் நீச்சலுடையையும் வேறு சிலர் ஸ்வெட்டரையும் தனியறையில் அணிந்துகொண்டு கணக்குத் தேர்வு எழுதினார்கள். நீச்சலுடை அணிந்த பெண்கள் மற்றப் பெண்களைவிடக் குறைவான மதிப்பெண் பெற்றார்கள். ஆண்களிடம் அந்த வேறுபாடு தெரியவில்லை. அறையில் அவர்களைப் பார்க்க யாரும் இல்லை என்பதுதான் இதில் எனக்கு உறைத்த செய்தி. பார்த்துக்கொண்டிருந்தது அவரவர் கண்தான்.

இந்தக் கண்ணை மூடச் சொல்லும் அறிவுரைகளால் எனக்குப் பெரிதாகப் பயன் கிடைக்கவில்லை. ‘உன் உடம்பை நேசி’ என்று கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்ப்பது என் சுபாவத்துக்கு ஒத்துவரவில்லை, கொஞ்சம் சிரிப்பும் வந்தது. பயன்பட்டவை எல்லாம் சில்லறைக் காரியங்கள். முதலாவது, துணி.

தையற்கடைக்குப் புதுத் துணியோடு அளவு ரவிக்கை ஒன்றையும் கொடுப்பது நம் வழக்கம். நான் கொடுத்துவந்த அளவு ரவிக்கை பழையது. கூடிய சீக்கிரம் அந்த அளவுக்கு இளைத்துவிடுவேன் என்ற நம்பிக்கையில் அதையே கொடுத்துக்கொண்டிருந்தேன். விளைவு, தைத்து வந்த எதுவும் சேரவில்லை. அக்குளில் பிடிக்கும், மேல் கொக்கி தெறிக்கும், முதுகில் மடிப்பு விழும். ஒவ்வொரு நாள் காலையிலும் அந்த ரவிக்கைக்குள் நுழைவதே அன்றைய முதல் தோல்வியாக இருந்தது. எங்கள் தெருவில் தைக்கும் அக்கா ஒருநாள் அளவு ரவிக்கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “இது யாருக்கு டீச்சர்? உங்களுக்குத் தைக்கணும்னா நீங்க வந்து நில்லுங்க” என்று நாடாவை எடுத்தார். மார்பு, இடுப்பு, கைச்சுற்று, தோள், கழுத்திறக்கம் என்று நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். எந்த எண்ணுக்கும் அவர் முகம் மாறவில்லை. பக்கத் தையலில் உள்ளே ஓர் அங்குலம் துணி விட்டு, அடுத்தடுத்து மூன்று வரித் தையல் போட்டுக் கொடுத்தார். உடம்பு போட்டால் ஒரு வரியைப் பிரித்துக்கொள்ளலாம், இளைத்தால் ஒரு வரி கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். பெண்ணுடம்பு மாறிக்கொண்டேதான் இருக்கும் என்பதை எங்கள் ஊர்த் தையற்காரர்கள் எப்போதோ ஒப்புக்கொண்டு அதற்கு இடம் விட்டுத் தைத்துவருகிறார்கள்.

ஆகவே நான் முதலில் சொல்லும் யோசனை இதுதான்: இன்றைய உடம்புக்குச் சேரும் உடைகளாக நான்கைந்தாவது வைத்துக்கொள்ளுங்கள்; முகூர்த்தப் பட்டின் ரவிக்கையை இலக்காக அலமாரியின் கண்முன் தட்டில் தொங்கவிடாதீர்கள். நகைக்கடன் வட்டிபோல அது தினமும் எதையாவது கறந்துகொண்டிருக்கும்.

அடுத்தது, புகைப்படம். எங்கள் குடும்பப் படங்களில் பல ஆண்டுகள் நான் கிட்டத்தட்டக் காணாமற்போயிருக்கிறேன். படம் எடுப்பவளாக இருப்பேன், அல்லது யாராவது ஒருவரின் தோளுக்குப் பின்னால் பாதி முகமாக இருப்பேன். என் மகள் பள்ளியில் ஒட்டுவதற்காகத் தன் சிறுவயதுப் படம் ஒன்றை என்னோடு சேர்ந்ததாகத் தேடி, கிடைக்காமல், சித்தியோடு எடுத்ததைக் கொண்டுபோனாள். அதன் பிறகு படம் எடுக்கும்போது முன்வரிசையில் நிற்பது என்று வைத்துக்கொண்டேன். எடுத்தவுடன் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்ப்பதில்லை. இரண்டும் முதலில் கஷ்டமாகத்தான் இருந்தன.

மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுவது பருமனான பெண்களிடம் நான் அதிகம் பார்த்த பழக்கம். காரணம் பயம் மட்டுமன்று, அவமானமும்கூட. ஓயாத அசதி, முடி உதிர்தல், மலச்சிக்கல் என்று போய் நின்றபோது, நான் சொல்லி முடிப்பதற்குள் ஒரு மருத்துவர் எடை இயந்திரத்தைக் காட்டி, “முதல்ல இதக் குறைச்சிட்டு வாங்கம்மா” என்று அனுப்பிவிட்டார். வெகுகாலம் கழித்து வேறொருவர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். தைராய்டு சுரப்புக் குறைவும் ரத்தசோகையும் இருந்தன. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு, காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும் என்பதுகூட அப்போதுதான் தெரிந்தது. மாத்திரையால் எடை மளமளவென்று குறையவில்லை. தைராய்டுக் குறைவால் ஏறும் எடை பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஆனால் அசதி போனது. பல வருடங்களாக என் குணக்கேடு என்று நான் நினைத்திருந்தது ஒரு சிறு மாத்திரைக்கு அடங்கியது.

இதிலிருந்து நான் பழகிக்கொண்டது: அறைக்குள் போகுமுன் தொந்தரவுகளை ஒரு தாளில் எழுதிக்கொள்வேன். எடையைக் குறைக்கச் சொன்னால், “சரிங்க டாக்டர், குறைக்கப் பார்க்கிறேன், ஒல்லியான ஒருவர் இதே தொந்தரவோடு வந்தால் என்ன பரிசோதனை எழுதுவீர்களோ, அதை எனக்கும் எழுதுங்கள்” என்று கேட்பேன். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, ஹீமோகுளோபின், இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மாதவிலக்கு தவறிக்கொண்டிருந்தால், முகத்தில் முடி கூடினால், சினைப்பை நீர்க்கட்டி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்ல வேண்டும். வீட்டில் எடை பார்ப்பதாக இருந்தால் வாரத்துக்கு ஒருமுறை, அதே கிழமையில், காலையில் பார்த்தால் போதும். உப்பு கூடினாலோ மாதவிலக்கு நெருங்கினாலோ ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்குவது இயல்பு. தினமும் ஏறி நிற்பவளுக்கு அந்த ஏற்ற இறக்கமே அன்றைய மனநிலையாகிவிடும்.

பட்டினி பற்றியும் சொல்ல வேண்டும். இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு வெள்ளரிக்காயோடு படுத்த காலத்தில், என் நினைவெல்லாம் சாப்பாடாகவே இருந்தது. பக்கத்து வீட்டில் தாளிக்கும் கடுகு வாசனைக்கு எரிச்சல் வரும், அழுகை வரும். எனக்கு மன உறுதி இல்லை என்று நினைத்தேன். மேலே சொன்ன ஆன்செல் கீஸ், 1944–45இல் மினசோட்டாவில், உடலும் மனமும் திடமான 36 இளைஞர்களுக்கு ஏறக்குறைய ஆறு மாதங்கள் உணவைக் குறைத்துக் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், தட்டை நக்கினார்கள், சோர்ந்து எரிந்து விழுந்தார்கள். அதைப் படித்தபோது, வெள்ளரிக்காயோடு அழுதவளை மன்னித்துவிட்டேன். இப்போது பட்டினி கிடப்பதில்லை. சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, முட்டை, சுண்டல், காய் என்று வைத்துக்கொள்கிறேன். இதைவிட முக்கியமான மாற்றம், மீந்ததை வீணாக்கக் கூடாது என்று அடுப்படியில் நின்றபடியே வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கத்தை நிறுத்தியது. வீட்டில் எல்லோருக்கும் தட்டு உண்டு, அம்மாவுக்குச் சட்டிதான் என்பது பல வீடுகளில் நடப்பது. எனக்கென்று ஒரு தட்டை எடுத்து, எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்ததில் எடைக்கும் நன்மை இருந்தது. அதைவிடத் தன்மதிப்புக்கு நன்மை இருந்தது என்பது என் எண்ணம்.

வ.உ.சி. மைதானத்தில் காலை நடையும், வீட்டில் தண்ணீர் நிரப்பிய புட்டிகளைத் தூக்கும் பயிற்சியும் சேர்ந்து, ஓராண்டுக்கு மேல் மெதுவாக என் எடை 68 கிலோவுக்கு வந்தது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அதுவே பெரிய உதவி என்று மருத்துவர் சொன்னார். உடல் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே பலன் தெரியும் என்பது அவர் கணக்கு. ஊரின் கணக்கு வேறு. “என்ன டீச்சர், இப்படி வத்திப் போயிட்டீங்க, சுகர் இருக்கா?” என்று சிலர் கேட்டார்கள். “இப்பதான் பாக்க நல்லாருக்க” என்று சிலர் பாராட்டினார்கள், அதற்குள் இத்தனை காலம் நன்றாக இல்லை என்பதும் இருந்தது. உண்மையைச் சொன்னால் பாராட்டுகள் என்னைப் பயமுறுத்தின. திரும்ப ஏறிவிட்டால் இவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கவலையில், இளைத்த பிறகு சில மாதங்கள் முன்னைவிட அதிகமாகக் கண்ணாடி பார்த்தேன். எடை இறங்கியதும் தன்மதிப்பு ஏறும் என்ற கணக்கு பொய்த்தது இங்கேதான். 20 லிட்டர் தண்ணீர்க் கேனை யாரையும் கூப்பிடாமல் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போன அன்று வந்த மகிழ்ச்சி வேறு வகை. அதில் பார்வையாளர் யாரும் இல்லை. நண்பர் யாராவது இளைத்திருந்தால் இப்போது நான் அவர் தோற்றத்தைப் பற்றிப் பேசுவதில்லை, “நடக்கும்போது மூச்சு வாங்குறது குறைஞ்சிருக்கா?” என்று கேட்கிறேன்.

கல்யாண வீட்டுக் கேள்விகளுக்குச் சண்டையும் விளக்கமும் தேவையில்லை. பெரியவர்களிடம், “ஆமா பெரியம்ம, நல்லாச் சாப்பிடுதேன்லா. உங்க முட்டுவலி எப்படி இருக்கு?” என்று கேட்டால் பேச்சு தானாகத் திரும்பிவிடும், அவர்களில் பலருக்கு அது நலம் விசாரிக்கும் ஒரு வழி, வேறு தொடக்கம் தெரியாது. ஒத்த வயதினரிடம், “என் உடம்பப் பத்தி வேண்டாமே, வேற பேசலாம்” என்று நேராகவே சொல்லிவிடலாம். வீட்டுக்குள் நடப்பதற்கு இது போதாது. பிள்ளைகள் முன்னிலையில் கணவர் என்னைக் கேலி செய்வதுண்டு. தனியாக உட்காரவைத்து, அது எனக்கு எப்படி இருக்கிறது என்று ஒருமுறை தெளிவாகச் சொன்ன பிறகே நின்றது. கேலி செய்கிறவர்கள் பலரும், நாம் சேர்ந்து சிரிப்பதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

மகளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. ஃபிஜித் தீவுகளில் பருத்த உடம்பே அழகும் செழிப்புமாகக் கருதப்பட்டுவந்தது. நட்ரோகா என்ற பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்த சிறிது காலத்திலும், பிறகு 1998இலும் ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் அங்குள்ள பள்ளி மாணவிகளிடம் விசாரித்தார். முதல் முறை, எடையைக் குறைப்பதற்காக வாந்தியெடுப்பதாக ஒரு பெண்ணும் சொல்லவில்லை; மூன்றாண்டுகளில் 11.3 விழுக்காட்டினர் சொன்னார்கள். நம் பிள்ளைகள் கையில் இருக்கும் போன் அந்தத் தொலைக்காட்சியைவிட நெருக்கமானது. என் வகுப்புகளில் மதியச் சோற்றைக் குப்பைத் தொட்டியில் கொட்டும் பெண்களைப் பார்க்கிறேன். வீட்டில் நாங்கள் பின்பற்றும் கட்டுப்பாடு எளிது: சாப்பாட்டு நேரத்தில் யாருடைய உடம்பும் பேச்சில் வரக் கூடாது, என் உடம்பு உட்பட. ‘அம்மா எவ்வளவு அசிங்கமா ஆயிட்டேன் பாரு’ என்று நான் என்னைச் சொல்லிக்கொண்டால், என் சாயலில் இருக்கும் மகள் அதைத் தனக்கும் சேர்த்தே எடுத்துக்கொள்வாள்.

தனியாகச் சமாளிக்க வேண்டாத நிலைகளும் உண்டு. ஒளிந்து அளவுமீறிச் சாப்பிட்டுவிட்டு வாந்தியெடுப்பது, பல வேளைகள் தொடர்ந்து உணவை ஒதுக்குவது, பிள்ளை பெற்ற பிறகு வாரக்கணக்கில் மனம் இருண்டுகிடப்பது, வாழ வேண்டாம் என்று தோன்றுவது ஆகியவற்றுக்கு நடையும் ரவிக்கையும் மருந்தாகா. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால், 2022இல் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.